படகுச் சின்னம்

அந்தத் தொகுதிக்கு ஒரு காலத்தில் நடுவில் ஆறு ஓடியது. பிற்பாடு ஓரத்தில் ஓடியது. ஆறு இருந்த இடத்தை விட்டு அசையவில்லை; தொகுதியைத்தான் அசைத்தார்கள். இந்த இரண்டு காலத்தையும் கண்ணால் பார்த்தவள் ஆற்றங்கரைக் கடைத்தெருவில் இருந்த ஒருத்தி. தையல்காரம்மா என்றால் எல்லோருக்கும் தெரியும். அவள் புருஷன் அதே கூரையின் கீழ் சைக்கிள் கடை வைத்திருந்தார். நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். இந்தப் பக்கம் மிஷின் ஓடுகிற சத்தம், அந்தப் பக்கம் காற்றடிக்கிற சத்தம். இரண்டும் ஒரே நேரத்தில் நின்றால் இருவரும் டீ குடிக்கிறார்கள் என்று அர்த்தம்.

நாடாளுமன்றத் தொகுதி என்று பெயர் பெரியதாக இருந்ததே தவிர, அது வெறும் வயலும் புழுதியுமான பூமி. நடுவில் ஆறும் அதன் இரு கரை ஊர்களும். மேற்கே போகப் போகக் குடிக்கத் தண்ணீர் இல்லாத மேட்டுக்காடு. ஒரு கோடியில் மழை பெய்து வெள்ளம் வந்தால் மறுகோடியில் அதைச் செய்தியாகத்தான் கேட்பார்கள். முதன்முதலில் ஜெயித்தவர் தலைநகரத்தில் வீடு பிடித்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். அடுத்த தேர்தலுக்கு அவர் மாலையோடு வந்து இறங்கியபோது, "இவர் யாரு, புது ஆளா?" என்று ஜனங்கள் கேட்டார்கள். அவரைத் தோற்கடித்து வந்தவர் எது கேட்டாலும் "ஆகட்டும், ஆகட்டும்" என்பார். ரோடு கேட்டாலும் ஆகட்டும், ஆஸ்பத்திரி கேட்டாலும் ஆகட்டும். பெயரே ஆகட்டும் என்று ஆகிவிட்டது. ஆற்றுக்குப் பாலம் கட்டுகிறேன் என்று அடிக்கல் நாட்டியதும் அவர்தான். நாட்டிய கல்லில் ஆடுகள் முதுகு சொறிந்துகொண்டன.

உயர்நிலைப் பள்ளி அக்கரையில் இருந்தது. இக்கரைப் பிள்ளைகள் படகில் போய் வந்தார்கள். தையல்காரம்மாவுக்கு ஒரே மகள். பதினாலு வயது. வாய் ஓயாத பெண். படகில் ஏறும்போது ஆரம்பித்த பேச்சு இறங்கும்போதும் முடிந்திருக்காது என்று படகோட்டியே சிரிப்பான். மழைக்காலத்தில் ஒருநாள் காலை, பரீட்சை என்பதால் எல்லோரும், இக்கரைச் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்திருந்த அக்கரைப் பிள்ளைகள்கூட, ஒரே படகில் முண்டியடித்து ஏறினார்கள். நடு ஆற்றில் படகு ஒருபக்கமாகச் சாய்ந்தது. ஏறியவர்களில் பாதிப் பேர் கரை சேரவில்லை. அந்தப் பாதியில் அவள் மகளும் ஒருத்தி.

ஆகட்டும் துக்கம் விசாரிக்க வந்தார். வாசலில் சேறு. செருப்பைப் பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்டே சைக்கிள் கடைக்காரரின் தோளைத் தொட்டு, "பாலம் வந்துடும், ஆகட்டும்" என்றார். தையல்காரம்மா அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு பொட்டுச் சேறுகூட ஒட்டவில்லை.

அடுத்த தேர்தல் அறிவித்த அன்று கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு தடுப்பைத் தாண்டி வந்தார்.

"நான் நிக்கப் போறேன்."

"எங்க?"

"தேர்தல்ல."

அவள் ஊசியை நிறுத்தினாள். "உங்களுக்கு என்னங்க தெரியும் அதுல?"

"ஒண்ணும் தெரியாது. ஆத்துக்குப் பாலம் இல்லைன்னு தெரியும்."

மூலையில் சுருண்டு கிடப்பதற்கு இது தேவலை என்று நினைத்து அவள் மறுக்கவில்லை. அவரும் சைக்கிளில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். பாலம் பாலம் என்று பேசியே பாலக்காரர் என்று பெயர் வாங்கினார். மேட்டுக்காட்டுப் பக்கம் ஒரு கிழவர் அதைப் பால்காரர் என்று காதில் வாங்கிக்கொண்டு, "படி என்ன விலை?" என்று செம்போடு வந்து நின்றாராம். அதைச் சொல்லி வீட்டில் சிரித்தார். மகள் போன பிறகு அவர் சிரித்து அவள் பார்த்தது அன்றுதான்.

ஆனால் மறுநாள் கடைத்தெருவில் சுவரொட்டி ஒட்டியிருந்தது. அதில் மகளின் முகம். பள்ளிக்கூடத்தில் எடுத்த படம், இரட்டைச் சடை, பாதிச் சிரிப்பு. கீழே, "இவளுக்காக ஒரு பாலம்." டீக்கடைச் சுவரிலும் பஸ் நிறுத்தத்திலும் அதே முகம். தையல்காரம்மா உள்ளே போய்விட்டாள். நாலைந்து நாள் பொறுத்தாள். பிறகு ஒரு மழை பெய்து காகிதம் ஊறி, கன்னம் ஒருபக்கம் கிழிந்து தொங்கியது. இன்னொரு சுவரில் மகளின் கண்ணுக்கு மேலேயே வேறு வேட்பாளரின் மீசையை ஒட்டியிருந்தார்கள். அன்று மத்தியானம் ஒரு வாளித் தண்ணீரும் கத்தியும் எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்க, ஒவ்வொன்றாக நனைத்துச் சுரண்டினாள். கிழியாமல் வந்ததை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கடைக்காரர் ஓடிவந்தார். "என்னம்மா பண்றே? எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். எம்பொண்ணு மேல எச்சி துப்பிட்டுப் போறானுங்க. அதையும் எல்லாரும் பாத்துட்டுத்தான் இருந்தாங்க."

"அவளுக்காகத்தானே…"

"அவளுக்காகன்னா அவளை விடுங்க. உங்க மூஞ்சியை ஒட்டிக்குங்க."

கத்தியை வாங்கி, அவளுக்கு எட்டாத உயரத்தில் இருந்ததை அவரே சுரண்டினார். அந்தத் தேர்தலில் டெபாசிட் போயிற்று. ஆகட்டும் மறுபடி ஜெயித்தார்.

அதற்கு அடுத்த தேர்தலிலும் கடைக்காரர் நின்றார். இந்தத் தடவை படம் கிடையாது, சுவரொட்டியும் கிடையாது. சின்னம் வாங்கிவரப் போனவர் வெயில் தாழத் திரும்பி வந்து, கடைப் பலகையில் உட்கார்ந்துகொண்டு உள்ளே வரவே இல்லை. அவள் டீயைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"என்ன சின்னம் குடுத்தாங்க?"

அவர் டீயைப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தெருவைப் பார்த்தார்.

"சொல்லுங்களேன். செருப்பா, துடைப்பமா?"

"படகு."

அவள் பலகையின் மறுகோடியில் உட்கார்ந்தாள்.

"குலுக்கல்ல வந்துச்சு," என்றார் அவர். "மாத்தித் தாங்கன்னு கெஞ்சினேன். அந்த அதிகாரி நல்ல மனுசன்தான். எடுத்தா எடுத்ததுதான்னுட்டார். ஆத்துப் பக்கத்து ஆளுக்குப் படகு பொருத்தமாத்தானே இருக்குன்னார். அவருக்கு என்ன தெரியும்?"

"அவளை முழுங்குனதுக்கா ஓட்டுக் கேக்கப் போறீங்க?"

"கேக்கத்தான் வேணும். விலகிட்டா பாலத்தைப் பத்திப் பேசவே ஆள் இருக்காது."

கேட்டார். இரு கரையிலும் வீடு வீடாகப் போய், "படகுக்கு ஓட்டுப் போடுங்க" என்று கை கூப்பினார். பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளின் வாசலில் மட்டும் அந்த வார்த்தை அவருக்கு வராது. வெறுமனே கும்பிடுவார், அவர்களும் கும்பிடுவார்கள். அக்கரையில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய், அடுத்த வீட்டில் அவர் சொன்னது காதில் விழுந்து, "அண்ணே, நீங்க வேற எதையாவது சொல்லுங்கண்ணே, அதை மட்டும் சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வாக்குப்பதிவு அன்று தையல்காரம்மா தனியாகப் போனாள். மறைப்புக்குள் நின்று சீட்டை விரித்தாள். வரிசையாகச் சின்னங்கள். கடைசிக்கு முந்தி, புருஷன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் படகு. துடுப்புகூட வரைந்திருந்தார்கள். முத்திரையைக் கையில் பிடித்தபடி நின்றாள். "என்னம்மா, ஆச்சா?" என்று வெளியிலிருந்து ஒரு குரல். எதிலும் குத்தாமல் மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மறைக்கத் தோன்றவில்லை. "நான் போடலைங்க," என்றாள். "கை வரலை."

அவர் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "நானும் போடலைம்மா."

மிஷின் சத்தமும் வரவில்லை, காற்றடிக்கிற சத்தமும் வரவில்லை.

ஓட்டுகளை எண்ணியபோது அவர்கள் சாவடியில் படகுக்கு விழுந்தது வெறும் பூஜ்யம். ஆற்றின் இரு கரையிலும் ஏறக்குறைய அதே கதைதான். டீக்கடையில் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். "கட்டுன பொண்டாட்டிகூட போடலை பாருய்யா!" உள்ளே உட்கார்ந்து பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவளுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. வேடிக்கை என்னவென்றால், ஆற்றையே பார்த்திராத மேட்டுக்காட்டு ஜனங்கள் அவருக்குக் கொஞ்சம் ஓட்டுப் போட்டிருந்தார்கள். அவர்களுக்குப் படகு வெறும் படம்.

அதற்குப் பிறகுதான் தொகுதிகளை மாற்றி வரையப் போவதாகச் செய்தி வந்தது. ஜனங்களின் கருத்தைக் கேட்க நகரத்துக் கல்யாண மண்டபத்தில் அதிகாரிகள் உட்கார்ந்தார்கள். கடைக்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். அவளும் கூடப் போனாள். முறை வந்ததும் அவர் மைக்கைப் பிடித்தார்.

"ஐயா, ஆத்தை நடுவுலயே வச்சிருங்க. ஓரத்துல தள்ளிடாதீங்க. ஒரே ஆளு ரெண்டு கரைக்கும் இருந்தே பாலம் வரலை. ஆளுக்கொரு கரைன்னு பிரிச்சுட்டா, அவரைக் கேளுன்னு இவரும், இவரைக் கேளுன்னு அவரும் சொல்லிட்டுப் போயிடுவாங்க."

பெரிய அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். "எல்லைன்னா கண்ணுக்குத் தெரியணுங்க. ஆறுன்னா யாருக்கும் சந்தேகம் வராது."

"எங்களுக்கு அது எல்லை இல்லீங்களே," என்றாள் தையல்காரம்மா, உட்கார்ந்த இடத்திலிருந்தே. அவளிடம் மைக் இல்லை. அவள் சொன்னது மேடை வரை எட்டவில்லை.

ஆறு எல்லையாயிற்று. பழைய தொகுதியின் பெயரே போய்விட்டது. மேட்டுக்காடு ஒரு பக்கம் சேர்ந்தது, இக்கரை ஒன்றோடும் அக்கரை இன்னொன்றோடும் ஒட்டிக்கொண்டன. கடைக்காரர் சொன்னதுபோலவே இந்தக் கரை உறுப்பினர் அந்தக் கரையைக் காட்டினார், அவர் இவரைக் காட்டினார். கடைக்காரர் அப்புறம் நிற்கவில்லை. ஒருநாள் டியூப் ஒட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. தடுப்புப் பலகையைக் கழற்றி அந்தப் பக்கத்தில் அவருக்குக் கட்டில் போட்டாள். தைத்துக்கொண்டே ஒரு கண்ணால் அவரைப் பார்த்துக்கொள்வாள்.

பாலம் வந்தது, ஜனங்களுக்காக அல்ல. ஆற்றின் போக்கில் வெகுதூரம் தள்ளி ஒரு கல்குவாரி, லாரிகள் ஆற்றைத் தாண்ட வேண்டியிருந்தது. திறப்பு விழாவில் யார் ரிப்பன் வெட்டுவது என்று தகராறு. கடைசியில் இந்த முனையில் ஒரு உறுப்பினர் வெட்டினார், அந்த முனையில் இன்னொருவர். இருவரும் நடுவில் சந்திக்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அது சுற்று வழி. அவர்கள் படகில்தான் போனார்கள்.

"ஒருதரம் பாக்கணும்," என்றார் கடைக்காரர், குழறிய வாயோடு. அவள் தன் தம்பியின் வேனைச் சொல்லிவிட்டு அவரைத் தலையணைகளுக்கு நடுவில் உட்காரவைத்து அழைத்துப் போனாள். வேன் பாலத்தில் ஏறியது. கைப்பிடிச் சுவர் சடசடவென்று ஓடியது. அவர் என்னவோ சொல்ல வாயைக் கூட்டுவதற்குள் அக்கரை வந்துவிட்டது.

அவர் திரும்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"அவ்வளவுதானா?" என்றார். "இவ்வளவு சின்ன ஆறா அது?"

தம்பி வேனை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டான். அவள் அவருடைய விழுந்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "ஆமாங்க," என்றாள். "சின்ன ஆறுதான்."

அந்த வருஷம் மழை தொடங்குமுன் அவர் போய்ச் சேர்ந்தார். அக்கரையிலிருந்து, அன்றைக்குக் கதவைச் சாத்திய தாய் வந்து ராத்தங்கி இருந்துவிட்டுப் போனாள். இப்போதும் அவள் எப்போதாவது வருவாள், இவளும் போவாள். படகில்தான். ஏறினால் இருவரும் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டு, கரை வரும்வரை வாயைத் திறக்க மாட்டார்கள்.