மீதியில்லாத செங்கல்

செங்கல் எண்ணிக் கணக்கெழுதும் கிராணிக்கு முதுகு வலிக்காது, தலைதான் வலிக்கும். எண்ணிப் பிழைக்கிறவர்களுக்கு இதைச் சொல்லவா வேண்டும்!

ஆறு ஒன்றுகள்

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே வீடுகள் கட்டிய சமயம். எங்கள் குத்தகைக்காரருக்கு எந்தத் தொகையும் ஒன்றில் முடிந்தால்தான் ராசி. ஆர்டர் சீட்டில் ஆறு இடத்திலும் ஒன்றையே போட்டுவிட்டார்: 1,11,111 கல்! வேலையை மேற்பார்த்த துரையோ பொல்லாதவர். எல்லா அடுக்கும் சமமாக இருக்க வேண்டும், ஒரு கல் வெளியே கிடந்தாலும் கிராணியை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

எனக்கோ தை மாதம் கல்யாணம். பெண் கொடுத்தது எனக்கில்லை, கிராணி உத்தியோகத்துக்கு. பயந்துபோய் அந்த எண்ணை இரண்டால் வகுத்தேன், ஐந்தால் வகுத்தேன், பத்தால் வகுத்தேன். பாழாய்ப்போன ஒன்று ஒவ்வொரு தடவையும் மிஞ்சியது. ஒரே ஒரு கல்லைக் குறைக்கலாமா என்று குத்தகைக்காரரிடம் கெஞ்சினேன்.

"கல்லைக் குறைச்சா ராசி போயிடும். உன்னை மாத்தினா எனக்கு என்ன போகுது?" என்றார்.

காளியம்மாவின் அடுக்கு

கல் அடுக்கும் பெண்களுக்குத் தலைவி கிள்ளான் ஊர்க்காரி காளியம்மா. "ஆயிரம் ஆயிரமா அடுக்கும்மா" என்று சொல்லிவிட்டேன். நூற்றுப் பதினொரு அடுக்கு போக மிஞ்சும் நூற்றுப் பதினொரு கல்லையும் மூங்கில் புதரில் ஒளித்துவிடுவதாகத் திட்டம்.

சாயங்காலம் போய்ப் பார்த்தால் அடுக்கு சரியாக நூற்றுப் பதினொன்று. மீதி ஒரு கல்கூட இல்லை! எவனோ அள்ளிக்கொண்டு போய்விட்டான் என்றே நினைத்தேன். "மிச்சம் எங்கேம்மா?" என்று அலறினேன்.

"மிச்சம் வைக்கிற கையா ஐயா இது?" என்றாள்.

துரையின் பென்சில்

மறுநாள் காலை துரை வந்தார். அவருக்குத் தமிழ் நன்றாக வரும், திட்டுவதற்கு இன்னும் நன்றாக வரும். "அடுக்குக்கு ஆயிரம் என்றால் நூற்றுப் பதினொரு கல் குறைகிறதே, திருடினாயா?" என்றார். என் கல்யாணம் கண்ணெதிரே கலைந்தது. ஓர் அடுக்கைப் பிரித்து எண்ணச் சொன்னார். ஆயிரத்தொன்று! இன்னொன்றைப் பிரித்தோம். அதிலும் ஆயிரத்தொன்று!

காளியம்மா முன்னால் வந்தாள். "முதல் கல்லு லாபம் துரை. அதுக்கப்புறம்தான் ஒண்ணு, ரெண்டு. லாபம் சொல்லாம எவளாவது எண்ணுவாளா?" நம்மவர்கள் லாபம் என்று சொல்வது ஒன்றுக்குப் பதிலாக. இந்த மகராசி லாபத்தையும் வைத்து, ஒன்றையும் வைத்திருக்கிறாள்!

துரை அங்கேயே உட்கார்ந்து பென்சிலை எடுத்தார். ஆயிரத்தொன்றை நூற்றுப் பதினொன்றால் பெருக்கினார். ஆறு ஒன்றுகளும் வரிசையாக வந்து நின்றன. விடாமல் அந்த எண்ணை ஏழால் வகுத்தார், மீதியில்லை. பதினொன்று, பதிமூன்று, முப்பத்தேழு, எதிலும் மீதியில்லை. எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "கிராணி, இதை முன்பே யோசித்தாயா?" நான் வாயைத் திறப்பதற்குள் காளியம்மா முந்திக்கொண்டாள்.

"ஆமா துரை, ஐயா இதே யோசனையில மூணு நாளா சாப்பிடக்கூட இல்ல."

கல்யாணம் தை மாதமே நடந்தது. இன்றுவரை என் மாமனார் கணக்கில் சந்தேகம் வந்தால் என்னிடம் வருகிறார், நான் காளியம்மாவிடம் போகிறேன்.