தூண்டில் முள்ளால் பூட்டிய மணிக்கூடு

நான் எவரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. சந்தையில் தேங்காய் வாங்கும்போது ஆட்டிப் பார்ப்பேன். வீட்டுக்குக் கொண்டுவந்தும் ஒருமுறை ஆட்டிப் பார்ப்பேன். என் கணவர் இதைக் குணக்கேடு என்பார். சிறுபிள்ளையாக இருக்கும்போதே உடுத்த உடுப்போடு ஊரைவிட்டுப் போகச் சொல்லப்பட்டவளுக்கு வேறு என்ன குணம் வரும் என்று நான் திருப்பிக் கேட்பேன். அவர் தேங்காயை உடைக்கப் போய்விடுவார்.

எங்கள் ஊர் சிலாவத்துறை. வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது நாங்களும் போனோம். வளர்ந்தது, படித்தது, கலியாணம் கட்டியது எல்லாம் புத்தளத்தில். சண்டை முடிந்த பிறகு திரும்பி வந்தோம். கடலோரம் இருந்த பழைய வீட்டு வளவு காடாகிக் கிடந்ததால் றோட்டோரமாக ஒரு துண்டுக் காணியில் வீடு கட்டினோம். பாதிச் சுவருக்குத்தான் பூச்சு. அந்த வீட்டின் முன்னறையில் இருந்துதான் பாசிமணி கோத்த கைமணிக்கூடுகள் செய்யத் தொடங்கினேன்.

கொழும்பிலிருந்து வரும் மணிக்கூடுகளின் தோல்வாரைக் கழற்றி எறிந்துவிட்டு, முகத்தை மட்டும் வைத்துக்கொள்வேன். இரண்டு பக்கமும் பாசிமணியால் வார் பின்னுவேன். நூல், வலைக்குப் பாவிக்கும் மெல்லிய நைலோன் தங்கூசி. ஒரே மணிக்குள் இரண்டு முனைகளையும் எதிரெதிராக விட்டு இழுத்தால்தான் வார் நெளியாமல் நிற்கும். செய்வது பெரிய காரியம் இல்லை. வைத்துக்கொள்வதுதான் பெரிய காரியம். எங்கள் பக்கத்துக் காற்றில் உப்பு இருக்கிறது, கையில் வியர்வை இருக்கிறது. இரண்டும் மணியின் துவாரத்துக்குள் இறுகி நூலை அரிக்கும். இடைக்கிடை இளஞ்சூட்டுத் தண்ணீரில் வாரை அலசி நிழலில் காயப்போட வேண்டும். நூல் மஞ்சளாகும்போதே மாற்ற வேண்டும். வாங்குகிறவர்களுக்கு இதையெல்லாம் சொல்லித்தான் கொடுப்பேன். ஒருத்தியும் செய்யமாட்டாள். அறுந்த பிறகு வந்து, "நீங்கள் நல்ல நூல் போடயில்லை" என்று என்மேல் பழி போடுவார்கள்.

பூட்டுத்தான் என் வேலையின் அடையாளம். கடையில் விற்கும் கொளுக்கிகள் உப்புக்காற்றுக்குத் தாக்குப்பிடிக்காது. அதனால் சின்னத் தூண்டில் முள்ளை எடுத்து, நுனியில் எதிர்ப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் கூர்முனையை அரத்தால் தேய்த்து எடுத்துவிட்டு, வளைத்துப் பூட்டாக்குவேன். மாதம் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் காட்டினால் போதும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. என் மூத்த சகோதரியுடையது. நாங்கள் ராத்தா என்போம். ஊரில் இருந்த காலத்தில் வாப்பா வாங்கிக் கொடுத்த மணிக்கூட்டுக்குப் பச்சையும் வெள்ளையுமாக அவள் வார் பின்னினாள். கடைப் பூட்டு உடைந்துபோக, வாப்பாவின் தூண்டில் பெட்டியில் கை வைத்தாள். முதல் முள்ளை அவள் சரியாகத் தேய்க்கவில்லை. அளவு பார்க்கிறேன் என்று என் கையில் கட்டினாள். அது மணிக்கட்டில் ஏறிவிட்டது. நான் போட்ட கூச்சலுக்கு அவளுக்கும் அடி, முள் ஏறிய எனக்கும் அடி.

ஊரைவிட்டு வந்த அன்று அந்த மணிக்கூடு அவள் கையில் இல்லை. வழிச் சோதனையில் பறித்துவிட்டார்கள் என்று உம்மாவிடம் சொன்னாள். வீடு, தோணி, ஆடு எல்லாம் போன நாளில் ஒரு மணிக்கூட்டை யார் விசாரிப்பார்கள்? ஆனால் நான் விடவில்லை. வீடு போனது என்றால் அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை. மணிக்கூடு போனது விளங்கியது. புத்தளத்து முகாமில் படுத்துக்கொண்டு, சோதனைக்காரரோடு சேர்ந்து அதை எடுத்தது யார் என்று, ஊரில் மிஞ்சியிருந்த மற்றச் சனங்கள் ஒவ்வொருவர் கையிலும் அதைக் கட்டிக் கட்டிப் பார்ப்பேன். எல்லோர் கைக்கும் அது பொருந்தியது.

அந்த மணிக்கூடு ஒரு நாள் காலையில் என் முன்னறைக்கு வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தவர் ஒரு கத்தோலிக்க அக்கா. கழுத்தில் சின்னச் சிலுவை, நாற்பது வயதிருக்கும். முள்ளிக்குளத்து ஆள் என்றார். முள்ளிக்குளத்துச் சனங்கள், சண்டை முடிந்தும் கடற்படை ஊரைப் பிடித்து வைத்திருந்ததால் உள்ளே போக முடியாமல் காட்டோரத்தில் கொட்டில் போட்டிருந்த காலம் அது. மணிக்கூட்டை முடிந்திருந்த லேஞ்சித் துணியை அவிழ்த்து மேசையில் வைத்தார்.

"இது அறுந்து போச்சுது தங்கச்சி. கோத்துத் தருவீங்களோ?"

பச்சையும் வெள்ளையும். தூண்டில் முள் பூட்டு. இத்தனை வருடம் முகமில்லாமல் இருந்த திருடிக்கு இதோ முகம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் நான் அவசரப்படுகிறவள் இல்லை. கையும் களவுமாகப் பிடித்த பிறகுதான் ராத்தாவுக்குச் சொல்வது என்று தீர்மானித்துக்கொண்டேன்.

"எங்க அக்கா வாங்கினீங்கள்?" என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"மடு மாதா கோயில் திருவிழாவில."

"மடுவிலயோ?"

"ஓம். ஏன், உங்களுக்கு வேற எங்கயும் கண்ட மாதிரி இருக்குதோ?"

"இல்லை" என்றேன். பச்சைப் பொய். அவர் சொன்னதும் பொய் என்று எனக்குத் தெரியும். நூல் வந்ததும் கோத்துத் தருகிறேன், அடுத்த கிழமை வாருங்கோ என்று அனுப்பினேன். நூல்கட்டை மேசைக்குக் கீழேதான் கிடந்தது.

அவர் போனதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாரைக் கையில் எடுத்தேன். முதல் சந்தேகம் நூலில் வந்தது. உப்பு அரித்து அறுந்த தங்கூசியின் முனை பிசிறு பிசிறாக இருக்கும். இது பிளேடால் வெட்டியதுபோலச் சுத்தமாக இருந்தது. தன் மணிக்கூட்டைத் தானே வெட்டிக்கொண்டு வருகிறவள் எந்த நோக்கத்தில் வருகிறாள்? இரண்டாவது, நூல் பழசு இல்லை. யாரோ பலமுறை மாற்றியிருக்கிறார்கள். உடைந்த பச்சை மணிகளின் இடத்தில் செபமாலை மணிபோலக் கறுப்பாக ஒன்றிரண்டு. முள்ளில் துருவே இல்லை. தொட்டால் விரலில் எண்ணெய் ஒட்டியது. நான் தலைகீழாக நின்று சொல்லியும் என் வாடிக்கைக்காரர்கள் செய்யாததை எல்லாம் இந்த மனுஷி செய்திருந்தார். அதைக் கண்டு எனக்கு மனம் இளகவில்லை. களவெடுத்த சாமானுக்கு இவ்வளவு சீராட்டா என்று கோபம்தான் கூடியது.

அடுத்த கிழமை வந்தார். நூல் வரவில்லை என்றேன். அவர் போகவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சுவரில் தொங்கிய என் மணிக்கூடுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, மீன் வாங்குகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோலப் பூட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"இந்த முள்ளுப் பூட்டு ஆர் தங்கச்சி உங்களுக்குப் பழக்கினது?"

"நானாத்தான் பழகினனான்."

"சொந்த ஊர்?"

"புத்தளம்." முன்பின் தெரியாதவர்களுக்கு நான் சொல்லும் ஊர் அதுதான்.

அவருடைய முகம் சுருங்கியது. இவள் என்னை வேவு பார்க்கிறாள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. நானும் விடவில்லை. "மடுவில எந்தக் கடையில அக்கா வாங்கினது? வடிவான வேலை. அந்த ஆளைத் தெரிஞ்சா நல்லது" என்றேன்.

"நான் வாங்கயில்லை. மனுசன்தான் வாங்கிக்கொண்டு வந்தவர்" என்றார் அவர்.

போன கிழமை ஒரு கதை, இந்தக் கிழமை ஒரு கதை. அவர் பஸ் ஏறும்வரை வாசலில் நின்று பார்த்தேன். அவரும் பஸ் மிதியில் கால் வைத்தபடி திரும்பி என்னைப் பார்த்தார். எந்தப் புற்றில் எந்தப் பாம்பு என்று இரண்டு பேருமே யோசித்திருப்போம்போல.

மூன்றாம் முறை வந்தபோது பொறுக்க முடியவில்லை. மணிக்கூட்டை மேசையில் வைத்து, நூலின் முனையை நகத்தால் தூக்கிக் காட்டினேன்.

"அக்கா, இது அறுந்த நூல் இல்லை. வெட்டின நூல். ஆர் வெட்டினது?"

அவர் மறுக்கவில்லை. "நான்தான்" என்றார்.

"ஏன்?"

"வெட்டினாத்தானே உங்களிட்டக் கொண்டு வரலாம்." குரல் தடித்துவிட்டது அவருக்கும். "சந்தைக் கடையில உங்கட மணிக்கூடு ஒண்டு தொங்கினது. அதில இதே பூட்டு. இந்தப் பூட்டு போடுற ஆளை எனக்கு ஒருத்தியைத்தான் தெரியும். அவளைத்தான் தேடுறன்."

"அதைக் கேக்கிறதுக்கென்ன? மடு, மனுசன் எண்டு ஏன் பொய் சொன்னீங்கள்?"

"முதல்ல இந்த ஊர் ஆக்களிட்ட நேராத்தான் கேட்டனான். அவளின்ர பேரைச் சொல்லி விசாரிச்சன். அந்தப் பேரில இந்த ஊரில கனபேர். ஒருத்தி வந்து தன்ரதான் எண்டு கை நீட்டினவ. பூட்டைப் பற்றிக் கேட்டா முழிச்சவ. அதுக்குப் பிறகு ஆரிட்டயும் உண்மை சொல்லிறதில்லை. மடு எண்டு சொன்னா, சாமானைத் தெரிஞ்ச ஆள் 'பொய்' எண்டு சண்டைக்கு வரும் எண்டு பாத்தன். நீங்கள் புத்தளம் எண்டு சொல்லிப்போட்டு வாயை மூடிக்கொண்டிருந்தீங்கள்."

"அது என்ர ராத்தாட மணிக்கூடு" என்று மட்டும் சொன்னேன்.

அவர் நம்பினாரா? என்னைவிட மோசமான பிறவி. கையை மணிக்கூட்டின்மேல் வைத்துக்கொண்டு கேட்டார்:

"அப்பிடியெண்டாச் சொல்லுங்கோ. அவ தேய்ச்ச முதல் முள்ளு ஆரின்ர கையில ஏறினது?"

நான் சட்டைக் கையை மேலே தள்ளி மணிக்கட்டைக் காட்டினேன். தழும்பு தேய்ந்து ஒரு சோற்றுப்பருக்கை அளவுதான் இருக்கும். அவர் குனிந்து பார்த்தார். பிறகு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். எனக்கும் அழுகை வந்தது. யாருக்காக என்று அப்போது தெரியவில்லை.

அப்போது எங்கள் ஊரில் தங்கியிருந்து தையல் பழகிய அவரும் ராத்தாவும் ஒரே வகுப்பில் இருந்திருக்கிறார்கள். நான் சின்னவள், எனக்கு அந்தச் சிநேகிதம் தெரியாது. நாங்கள் போன நாள் காலையில் ஊர் அல்லோலகல்லோலமாக இருக்க, சிநேகிதியைப் பார்க்கவென்று இவர் ஓடி வந்திருக்கிறார். ராத்தா வேலிக்கு மேலால் மணிக்கூட்டைக் கொடுத்து, "வச்சிரு, வந்து வாங்குறன்" என்றாளாம்.

"ஒருநாளும் நான் கையில கட்டினதில்லை" என்றார். "பேந்து எங்கட சனத்தையும் ஊரைவிட்டு எழுப்பினவங்கள்தானே. எழும்பேக்க சோத்துப் பானையை விட்டிட்டு வந்தனான். இதை விடயில்லை."

எனக்குச் சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது ராத்தாமேல் ஆத்திரம். அவள் சொன்ன ஒரு பொய்யை வைத்து ஒரு ஊரையே நான் இத்தனை காலம் கள்ளராக்கி வைத்திருந்தேன். அந்த அக்காவின் முன்னாலேயே போனை எடுத்தேன்.

"உன்ர பச்சை மணிக்கூடு இப்ப என்ர மேசையில இருக்குது. பறிச்சாங்க எண்டு ஏன் சொன்ன?"

ராத்தா சொன்னாள்: "ஊரில ஒருத்தரிட்டயும் ஒண்டும் குடுக்காதீங்க எண்டு வாப்பா சொல்லியிருந்தார். உம்மா சோதனையில காதில கிடந்த தோட்டையும் கழட்டிக் குடுத்திட்டு வெறுங்காதோட நிக்கிறா. நான் என்ர மணிக்கூட்டை மட்டும் காப்பாத்திப்போட்டன் எண்டு எந்த வாயால சொல்லுவன்?" பிறகு மெதுவாக, "அவள் இன்னும் வச்சிருக்கிறாளா?" என்றாள்.

போனை அந்த அக்காவிடம் கொடுத்தேன். என்ன பேசினார்கள் என்று கேட்கக்கூடாது என்று குசினிக்குப் போய்த் தேத்தண்ணி வைத்தேன். அழுகையும் கேட்டது, சிரிப்பும் கேட்டது. திரும்பி வந்து போனை வாங்கி, "சரி, புது நூல் போட்டு நான் வச்சிருக்கிறன். வந்து எடு" என்றேன்.

"வேணாம். அவளிட்டயே குடு."

"ஏன் ராத்தா? இப்பதான் நாங்க ஊருக்கு வந்திட்டமே. வீடும் கட்டியாச்சு."

"அப்பவும் வீடு இருந்தது" என்றாள் ராத்தா.

அவளே தொடர்ந்தாள். "இன்னொருக்கா ஊரைவிட்டு எழும்பச் சொன்னா உன்ர வீட்டில உள்ளது முழுக்கப் போயிரும். அவளிட்ட இருந்தாத்தான் பத்திரம்."

"அவவுக்கு வீடே இல்லை. காட்டோரத்தில கொட்டில்."

"வீட்டையா சொன்னன்? அவளைச் சொன்னன்டி."

போனை வைத்துவிட்டு மேசைக்குக் கீழே இருந்த நூலை எடுத்தேன். இவ்வளவு நாளும் வரவில்லை என்று சொன்ன நூல் அங்கே கிடந்ததை அவர் பார்த்தார். பழைய மணிகளை அலசித் துடைத்து அவர் முன்னாலேயே கோத்தேன். தான் போட்டிருந்த கறுப்பு மணிகளை எடுத்துவிடுவதா என்று அவர் கேட்டார். இருக்கட்டும் என்றேன். முள்ளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு லேஞ்சியில் வைத்தேன்.

அவர் லேஞ்சியை முடியப் போகும்போது நான் என்ன நினைத்தேனோ தெரியாது. என் கையிலிருந்த மணிக்கூட்டைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தேன்.

"இதையும் வச்சிருங்கோ அக்கா."

அவர் விளங்காமல் பார்த்தார். "ஏன் தங்கச்சி? நீங்கள் இங்கதானே இருக்கிறீங்கள்?"

"இப்ப இருக்கிறன்" என்றேன்.

அவர் இரண்டையும் ஒரே லேஞ்சியில் முடிந்து, சட்டைக்குள் செருகிக்கொண்டு, பஸ்ஸுக்கு நடந்தார்.