படிக்காத நாவலுக்கு நான் வைத்த தேர்வு

ஒரு நாவலை முழுதும் படிக்காமலே அதற்கு வினாத்தாள் தயாரித்தேன். சரியான விடை சொன்ன மாணவியைத் தவறென்று சொல்லி, வகுப்பின் முன் அவமானப்படுத்தினேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

நான் கணினிப் பொறியியல் படித்தவள். பிறகு ஆசைப்பட்டுத் தமிழ் எம்.ஏ. முடித்து, காரைக்காலில் ஒரு கல்லூரியில் தற்காலிக ஆசிரியராகச் சேர்ந்தேன். எதையும் பிரித்து, வரிசையிட்டு, நான்கு விடைகளுக்குள் அடக்கிவிடலாம் என்று நம்பினேன். கைபேசியில் தேர்வு, உடனே மதிப்பெண்... துறைத்தலைவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

பாடத்தில் இருந்தது ஒரு மாய யதார்த்த நாவல். தினமும் சாயங்காலம் ஒரு பெண்ணின் வீட்டுக்குள் கடல் வந்துபோகிறது. தொடக்க அத்தியாயங்களைப் படித்தேன். மீதிக்கு இணையத்தில் கிடைத்த கதைச்சுருக்கம். நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் சலிப்பு!

வீட்டுக்குள் வரும் கடல் எத்தகையது? இது ஒரு கேள்வி. கனவு, மனப்பிரமை, துயரத்தின் குறியீடு, உண்மையாகவே வந்த கடல். மனப்பிரமை என்பதையே சரியான விடையாகப் பதிவு செய்திருந்தேன்.

கருக்களாச்சேரி என்ற கடலோர மீனவ ஊரிலிருந்து வரும் அபிநயா கடைசி விடையைத் தேர்ந்தெடுத்தாள். அந்த ஒரு மதிப்பெண்ணில் தேர்ச்சி போயிற்று. இந்த உள்தேர்வில் தேறாதவர்கள் பல்கலைக்கழகத் தேர்வு எழுத முடியாது. அவள் புத்தகத்தோடு எழுந்து நின்றாள்.

"கடல் நெசமாவே வருது மிஸ். மறுநாளு அவ புருசன் நனைஞ்ச பாயக் கொண்டுபோயி வெயில்ல போடுறாரு. பக்கத்து வூட்டுக்காரங்க வந்து மீனு கேக்குறாங்க. பிரமைன்னா மீனு எப்படி மிஸ் வரும்?"

அந்தப் பக்கத்தை நான் பார்த்ததே இல்லை. எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? நான் சொன்னது வேறு.

"உங்க ஊர்ல வேணும்னா கடல் வீட்டுக்குள்ள வரும். இது இலக்கியம்மா."

வகுப்பு சிரித்தது. "அப்ப அடுப்படியிலயே வலை போட்டுறலாம்டி" என்றாள் பின்வரிசையில் ஒருத்தி.

அபிநயா சிரிக்கவில்லை. "வந்துச்சு மிஸ். சுனாமில எங்க அக்காவக் குடுத்துட்டோம். நான் அதுக்கப்பறம் பொறந்தவ."

நான் அடுத்த கேள்விக்குப் போனேன். நம்புவீர்களா? போனேன்...

அந்த ஞாயிற்றுக்கிழமை நாவலை முழுதும் படித்தேன். பாய் இருந்தது. மீன் இருந்தது. கடல் வருவதை அந்தத் தெருவில் ஒருவர்கூட அதிசயமாகப் பார்க்கவில்லை. அந்த நாவலின் உயிரே அதுதான். வகுப்பில் அதைப் புரிந்துகொண்டவள் அவள் ஒருத்தி.

விடையை மாற்றுவது பெரிய வேலையில்லை. மாற்றினால் எல்லாருடைய மதிப்பெண்ணும் மாறும், துறைத்தலைவர் காரணம் கேட்பார், என் வேலை நீட்டிப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. இப்படிக் காரணங்களை அடுக்கினேன். அத்தனையும் சாக்கு! அவள் முன்னால் போய் நின்று, நீ சொன்னது சரி, நான் படிக்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தேறாதவர்களுக்கு மறுதேர்வு வைத்தேன். அதே கேள்வியை அதிலும் சேர்த்தேன். ஏன் சேர்த்தேன்? அவள் மறுபடியும் உண்மைக் கடலையே தேர்ந்தெடுப்பாள், அப்போது நான் விடையை மாற்றியே தீரவேண்டி வரும் என்று எண்ணினேன். எனக்கில்லாத துணிச்சலை அவளிடம் எதிர்பார்த்தேன்... எத்தனை கோழைத்தனம்!

அவள் மனப்பிரமையைத் தேர்ந்தெடுத்தாள். திரையில் பச்சை விழுந்தது. தேறிவிட்டாள்.

தேர்வு முடிந்து வெளியே போகும்போது என் மேசையருகில் நின்றாள்.

"இப்ப சரிதானே மிஸ்?"

குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"சரிதாம்மா" என்றேன்.

இப்போதும் அவள் என் வகுப்பில்தான் இருக்கிறாள். எதிர்த்து ஒரு கேள்வி கேட்பதில்லை. நான் என்ன சொன்னாலும், தலையைக் குனிந்து அப்படியே எழுதிக்கொள்கிறாள்.