சுவாகிலி நோட்டு

தான்சானியாவில் ஒன்பது ஆண்டுகள் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு அருப்புக்கோட்டைக்குத் திரும்பியபோது, என் பெட்டிகளில் சேலைகளைவிடப் புத்தகங்களே அதிகம். வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. ஆப்பிரிக்காவைப் பற்றிய பழைய புத்தகம், அங்கே கரும்புத் தோட்டக் கூலிக்குப் போனவர்களின் கடிதம் என்று எங்கே இருப்பதாகக் கேள்விப்பட்டாலும் பஸ் ஏறிவிடுவேன். "இத வச்சு என்ன செய்யப் போற?" என்பார் என் கணவர். எனக்கும் தெரியாது.

போன ஆண்டு, நாங்கள் பெயிண்ட் வாங்கும் கடைக்காரர் ஒருநாள் போன் செய்தார். காரியாபட்டியில் அவருடைய பூர்வீக வீட்டை இடித்துக் கட்டப்போகிறார்களாம். பரணில் ஒரு தகரப்பெட்டி, அதற்குள் ஒரு நோட்டு.

"எழுத்து அரபுதான் டீச்சர். ஆனா பாஷை அரபு இல்ல. பள்ளிவாசல் அஜரத்துகிட்டக் காட்டுனேன், வாசிக்க வருது, அர்த்தம் வரலங்கிறாக. எங்க பூட்டன் கப்பல்ல ஏவாரத்துக்குப் போனவுக. உங்களுக்கு ஆகும்னா எடுத்துக்கங்க."

மறுநாளே போனேன். வீட்டில் அவருடைய தங்கையும் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். தெருப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதச் சொல்லிக்கொடுப்பவர். நோட்டின் ஓரங்களைப் பூச்சி அரித்திருந்தது. தான்சானியாவில் பேசும் சுவாகிலி மொழி எனக்குப் பேச வரும், இங்கிலீஷ் எழுத்தில் இருந்தால் படிக்கவும் வரும். அந்த மொழியை முன்பு அரபு எழுத்தில் எழுதினார்கள் என்பதைக் கேள்விப்பட்டிருந்தேன். அதனால், "நீங்க சத்தமா வாசிங்க. அர்த்தம் தெரியாட்டிப் பரவால்ல" என்றேன்.

அவர் விரல் வைத்து எழுத்துக்கூட்டினார். "மாமா... யாங்கு."

"யாரோ மாமனுக்கு எழுதுன லெட்டரு போல" என்று அண்ணன் சிரித்தார்.

"இல்லங்க. அந்தப் பாஷையில 'மாமா யாங்கு'ன்னா 'என் அம்மா'."

தங்கை என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார். "ஹாபா பியா ம்தாமா உப்போ. பஹாரி ஹைப்போ."

நான் அதை ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத் தமிழில் சொன்னேன். "இங்கேயும் சோளம் இருக்கு. கடல் இல்ல."

நாலு பக்கம் போவதற்குள் விஷயம் விளங்கிவிட்டது. எழுதியவள் தான்சானியாவை ஒட்டிய சான்சிபார் தீவிலிருந்து புருஷனோடு கப்பலேறி வந்தவள். அவர்களுடைய பூட்டி.

"பூட்டி அரபு நாட்டுக்காரவுகன்னுல்ல சொல்லுவாக?" என்றார் அண்ணன்.

"அரபு நாடு இல்லங்க. ஆப்பிரிக்கா."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். சொல்லியிருக்கக் கூடாதோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. தங்கை முக்காட்டுக்குள் கைவிட்டுத் தன் தலைமுடியைத் தொட்டுக்கொண்டார்.

"இந்தச் சுருட்ட முடிய நீட்டுறதுக்கு எங்கம்மா எத்தன எண்ணெய் தேச்சாக தெரியுமா? எங்கிட்டு இருந்து வந்துச்சுன்னு ஒருத்தரும் சொல்லல."

திரும்பி வந்தபோது அண்ணன் முகம் கழுவியிருந்தார். "உங்களுக்குத் தாரேன்னு சொல்லிட்டேனே டீச்சர்" என்று இழுத்தார். "தர வேணாம்" என்றார் தங்கை. என்னை அவர் கேட்கவில்லை.

"உங்க வீட்டுது. உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றேன். ஆனால் அதை அவ்வளவு லேசாகச் சொல்லிவிடவில்லை. என் அலமாரியில் அதற்கு இணையாக எதுவும் கிடையாது.

அதன் பிறகு ஞாயிறுதோறும் போனேன். தங்கை வாசிப்பார், நான் அர்த்தம் சொல்வேன், அவர் மகள் எழுதிக்கொள்வாள். சில நாள் அரைப் பக்கம்கூட நகராது. போகப் போகப் பூட்டியின் எழுத்தில் தமிழ் கலந்தது. முதலில் கிணறு, பிறகு கம்பு, சம்பந்தி. கடைசிப் பக்கத்தை அவர் வாசித்தபோது நான் வாய் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. முழுக்க அரபு எழுத்தில் எழுதிய தமிழ்.

"அம்மா, புள்ளைக்குக் காச்சல் எறங்கிருச்சு. இன்னைக்கு நல்லாப் பால் குடிச்சான்."

தங்கை அதை இரண்டு தரம் வாசித்தார்.