பதினாலாம் அத்தியாயத்துக்கு ஓர் அர்ச்சனை

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ரொறொன்ரோவுக்கு வந்து கோப்பை கழுவினேன், கட்டடம் துடைத்தேன், பிறகு துடைக்கிற கொம்பனியையே நடத்தினேன். மிசிசாகாவில் என் ஆட்கள் துடைக்காத அலுவலகக் கண்ணாடி குறைவு. எழுபது வயதில் நாவல் எழுத உட்கார்ந்தபோது படித்தவர்கள் சிரித்தார்கள். நாற்பது பேரை வைத்து வேலை வாங்கியவனுக்கு நாலு பாத்திரங்களை மேய்ப்பதா பெரிய காரியம் என்று நினைத்தேன்.

பதின்மூன்று அத்தியாயம் வரை அப்படித்தான் ஓடியது. கதையில் ஒரு பெண். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, தொழிற்சாலையில் கையுறை பொதி செய்கிறவள். பனிக்கு ஏற்ற சப்பாத்து இல்லை. துணிச் சப்பாத்துக்குள், காலுறைக்கு மேல் மரக்கறிக்கடைப் பிளாஸ்ரிக் பையைச் சுற்றிக்கொண்டு, விடியப்புறம் மோர்னிங்சைட் வீதியில் பஸ்ஸுக்கு நிற்பாள். நடக்கும்போது அந்தப் பை சரசரக்கும். அதை எழுதிய அன்று என் கற்பனையை நானே மெச்சிக்கொண்டேன்.

பதினாலாம் அத்தியாயத்தில் அவள் சாக வேண்டும். பஸ் பனியில் சறுக்கி மோதும். முதல் நாளே கொப்பியில் போட்ட திட்டம் அது. ஆனால் பேனை ஓடவில்லை. மூன்று கிழமை! காலையில் சமையலறை மேசையில் கொப்பியைத் திறப்பேன், அவளை பஸ் தரிப்பிடம் வரை நடத்திவிட்டு மூடிவிடுவேன். வெளியே பனி கொட்டினால், ஐயோ, இவள் இன்னும் அங்கே நிற்கிறாளே என்று யன்னலடிக்குப் போவேன். எத்தனையோ பேரை வேலையிலிருந்து நிறுத்தியவன் நான், ஒருவருக்கும் மூன்று கிழமை எடுத்ததில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மனைவியுடன் கோயிலுக்குப் போனேன். விட்பியில் இருக்கிற மகளின் குடும்பத்துக்கு அர்ச்சனை. எல்லோருடைய பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டு முடித்த ஐயர், "வேறை ஆருக்கும் இருக்கோ?" என்றார். என் வாய் என்னைக் கேளாமலே கதையில் வரும் அவளுடைய பெயரைச் சொல்லிவிட்டது.

"நட்சத்திரம்?"

அவளுக்கு ஊர் வைத்தேன், கன்னத்தில் மச்சம் வைத்தேன், நட்சத்திரம் வைக்கவில்லையே! ஐயர் தட்டோடு நிற்கிறார். "உத்தரட்டாதி" என்றேன்.

மனைவி திரும்பிப் பார்த்தாள். காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, ஆர் அவ?"

"என்ர கதையில வாற பிள்ளை."

"கதையில வாறவைக்கும் அர்ச்சனையோ? இந்த நாப்பது வருசத்தில எனக்கு நீங்களாக் கேட்டு ஒண்டு செய்தனீங்களோ?"

"அவ சாகப்போறாவப்பா. அதுதான்..."

"அதுக்கு என்ர நட்சத்திரத்தை ஏன் குடுத்தனீங்கள்?"

பிறகு வேறு வழியில்லாமல் கதையைச் சொன்னேன்: கையுறை, பஸ், சப்பாத்துக்குள் சுற்றிய பை. மனைவி சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"உது நானெல்லோ. இஞ்ச வந்த முதல் மாரிப் பனிக்கு நான் அப்பிடித்தானே வேலைக்குப் போனனான். கையுறைப் பக்டரி இல்லை, பிஸ்கற் பக்டரி. உங்களுக்கு அப்ப ரெண்டு வேலை. நான் வெளிக்கிடேக்கை நீங்கள் நல்ல நித்திரை."

அந்தச் சரசரப்பு நித்திரையில் எனக்குக் கேட்டிருக்கிறது. அப்போது நாங்கள் குடியிருந்த பேஸ்மென்ற் அறை, ஒரே மெத்தை, ஹீற்றரின் மேல் காய்கிற அவளுடைய காலுறை. நான் முன்னேறிய கதையை எத்தனை கலியாண வீடுகளில் சொல்லியிருப்பேன்! அந்தச் சத்தம் ஒன்றிலும் வந்ததில்லை. இன்றைக்கும் அந்த அறைக்குத் திரும்பலாம் என்றால் போவேன், ஒரு நாள் காலையாவது எழும்பி அவளோடு தரிப்பிடம் வரை நடக்க.

"அவவைச் சாக்காட்டப் போறியளோ?" என்றாள்.

"திட்டம் அப்பிடி."

"நல்ல திட்டம்! பாவம், அவ இன்னும் ஒரு நல்ல சப்பாத்துப் போடேல்லை."

மறுநாள் காலையில் எழுதினேன். பஸ் மோதவில்லை. அவளுடைய புருஷன் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அவளைச் சப்பாத்துக் கடைக்குக் கூட்டிப் போகிறான். உள்ளே ரோமம் வைத்த கறுப்புச் சப்பாத்து. போட்டுப் பார்த்து, நடந்து பார்த்து, நாலு பக்கம். படித்தவர் ஒருவர் வாசித்துவிட்டு, கதை அந்த இடத்தில் தொய்கிறது, ஒரு விபத்து வந்திருந்தால் தூக்கியிருக்கும் என்றார். அவருக்கு என்ன தெரியும்? அந்த நாலு பக்கத்தைப்போல இந்த நகரத்தில் ஒருத்தனும் எழுதவில்லை.

மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டாள்.

"கறுப்பு வேண்டாம். பனி உருகப் போடுற றோட்டு உப்புப் பட்டா வெள்ளை வெள்ளையாத் தெரியும். மண்ணிறமா மாத்துங்கோ."

மாற்றினேன்.