படியிறங்கி வந்த கவுன்சிலர்

சிவகாசியை ஒட்டிய எங்கள் ஊரில், எங்கள் தெரு மெயின் ரோட்டுக்குக் கீழே பள்ளத்தில் கிடந்தது. ரோட்டுக்கு ஏற சிமெண்டுப் படிகள் மட்டுமே வழி. விளிம்பெல்லாம் உடைந்து கம்பி துருத்திக்கொண்டிருந்தது.

ஒரு மழைக்கால விடியலில், பட்டாசு கம்பெனி வேன் ஹாரன் அடித்ததும் அக்கா அந்தப் படிகளில் ஓடினாள். நடுப்படி பெயர்ந்து அவளோடு சேர்ந்து உருண்டது. தொடையெலும்பு முறிந்தது. நான் நர்ஸாக வேலை பார்த்த ஆஸ்பத்திரியில்தான் கிடந்தாள். கட்டைப் பிரித்தபோது ஒரு கால் குட்டையாகிவிட்டிருந்தது. கம்பெனி அவளைத் திரும்ப எடுக்கவில்லை.

படியைக் கட்டித்தரச் சொல்லி மனு எழுதிக்கொண்டு வார்டு கவுன்சிலர் வீட்டுக்குப் போனேன். காப்பியை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "நர்ஸம்மா, கீழ பார்த்து நடக்கணும். விழுறவளுக்கெல்லாம் படி கட்டிக்கிட்டிருந்தா ஊர் விளங்குமா?" கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அவர் விழ வேண்டும் என்று ஆசைப்பட்டேன். சர்ச்சில் முழங்காலிட்டபோதும் அதைத்தான் கேட்டேன்.

தேர்தல் வந்தது. அவர் எப்போதும் மேலே ரோட்டில் ஜீப்பை நிறுத்தி மைக்கில் கூப்பிடுவார். நாங்கள் ஏறிப்போய்க் கும்பிட வேண்டும். இந்த முறை ஒருத்தரும் ஏறக் கூடாது என்று வீடு வீடாகச் சொல்லிவைத்தேன். யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. அந்தப் படியில் ஆள் விழாத வீடே இல்லை.

"மேல வாங்க, தாய்மார்களே!" என்று மைக் கத்தி ஓய்ந்தது.

"நீங்க இறங்கி வாங்க. ஓட்டு இங்கனதான் இருக்கு" என்றார்கள் பெண்கள்.

வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பாதியில் கால் வழுக்கியது. உட்கார்ந்தபடியே கீழே வரைக்கும் சறுக்கினார். ஒரு செருப்பு என் காலடியில் வந்து விழுந்தது. கையை நீட்டினார். நான் பிடிக்கவில்லை.

"எந்திரிங்க அண்ணாச்சி. கீழ பார்த்து நடக்கணும்" என்றேன்.

வாசலில் கம்பை ஊன்றி நின்றிருந்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "அடி பட்டுருச்சான்னு பாருடி" என்றாள். பார்த்தேன். வெறும் சிராய்ப்பு. எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

ஓட்டுப்போடும் நாளுக்குள் ஆட்கள் வந்து படிகளை இடித்துக் கட்டினார்கள், கைப்பிடியும் வைத்தார்கள். அப்படியும் தெரு முழுக்க அவருக்கு எதிராகவே குத்தினோம். தோற்றார்.

அடுத்து வந்தவரிடம் மழைக்கு முன்னால் வருஷந்தோறும் போய் நிற்பேன், விரிசலைப் பூசச் சொல்லி. அவர் சலித்துக்கொண்டால், பழையவர் சறுக்கிய கதையை நாலு பேர் கேட்கும்படி நிதானமாகச் சொல்ல ஆரம்பிப்பேன். முடிப்பதற்குள் கொத்தனாருக்கு ஆள் போய்விடும்.