இறங்கிக்கிறேன் என்று அவர் சொன்னார்

ஐந்து வருஷம் இருக்கும். ஆடி மாசம். பெசன்ட் நகரில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடி. அந்தப் பகுதி மக்களுக்காகத் தொடங்கவிருந்த ஒரு சின்ன வானொலி நிலையத்துக்கு அறுபதடி டவர் நிறுத்தும் வேலையை எங்கள் கம்பெனி எடுத்திருந்தது. நான்தான் சைட் இன்ஜினீயர்.

இந்த மாதிரி ஒல்லி டவர் தானாக நிற்காது. மூன்று பக்கமும் ஸ்டே கம்பிகள் இழுத்துப் பிடித்திருப்பதால்தான் நிற்கும். பத்துப் பத்தடித் துண்டாக ஏற்றிக்கொண்டே போக வேண்டும். கம்பி மாட்டும்வரை தற்காலிகமாகக் கயிறு கட்டுவோம். ஒரு பக்கத்தை அவிழ்த்தால் மற்ற இரண்டும் தங்கள் பக்கம் இழுத்துவிடும். அதனால் மேலே ஆள் இருக்கும்போது எந்தக் கட்டிலும் கை வைக்கக் கூடாது. மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் ஆளை இறக்கிவிட்டு, புதுக் கட்டு போட்டு இறுக்கின பிறகுதான் பழையதை அவிழ்க்கலாம். அன்று காலை எல்லாருக்கும் இதைப் படித்துக் காட்டி, கையெழுத்தும் வாங்கியவள் நான்.

மேலே ஏறியவர் நொச்சிக்குப்பத்துக்காரர். நாற்பது வயது இருக்கும். கடலுக்குப் போவதை விட்டுவிட்டு டவர் வேலைக்கு வந்தவர். அவர் போடும் முடிச்சை நான் ஒருநாளும் சரிபார்த்ததில்லை, அவசியம் வந்ததில்லை. கீழே கயிறு பார்த்தவர் அவருடைய மச்சான், மனைவியின் கூடப் பிறந்த தம்பி.

மதியம் மூன்று மணி. நாற்பதடி ஏறியாகிவிட்டது. அப்போதுதான் பார்க்கிறேன், ஒரு பக்கக் கயிற்றைத் தவறான கொக்கியில் கட்டியிருக்கிறோம். அடுத்த துண்டை ஏற்ற அது இடைஞ்சல். கடல் பக்கம் வேறு மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்குள் முடித்துவிட வேண்டுமே என்று எனக்கு ஒரே பரபரப்பு.

"அந்தக் கயித்தை அவுத்து இந்தக் கொக்கியில மாட்டிடுங்க" என்றேன் மச்சானிடம்.

மேலேயிருந்து அவர் குரல் கொடுத்தார். "மேடம், இருங்க. நான் எறங்கிக்கிறேன். அப்பால அவுக்கலாம்."

அவர் இறங்கி மறுபடி ஏற அரை மணி நேரம் போய்விடும். "ரெண்டே நிமிஷம்ண்ணா. அப்படியே இருங்க" என்றேன்.

"வேணாம் மேடம். காத்து அடிக்குது."

மச்சான் கயிற்றில் கை வைத்தபடி என் முகத்தைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

கயிறு தளர்ந்ததும் டவர் முதலில் மெதுவாகத்தான் சாய்ந்தது. தடுத்துவிடலாம் போலத் தோன்றியது. மச்சான் கயிற்றை விடவில்லை. அது அவர் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு போனது. மேலே இருந்தவர் பெல்ட்டை டவரோடு மாட்டியிருந்தார். விழாமல் காப்பாற்ற வேண்டிய அந்த பெல்ட், டவரே விழும்போது அவரையும் சேர்த்து இழுத்துவந்து கைப்பிடிச் சுவரில் மோத வைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

அன்று சாயங்காலம் கம்பெனி மேலாளர் ஒரு அறிக்கை தயார் செய்து கொண்டுவந்தார். கீழே இருந்த ஆள் யாரும் சொல்லாமல் தானாகவே கயிற்றை அவிழ்த்துவிட்டதாக அதில் இருந்தது. "நீங்க ஒண்ணும் எழுத வேணாம், கையெழுத்து மட்டும் போடுங்க" என்றார். முழுசாகப் படித்தேன். கையெழுத்துப் போட்டேன்.

பன்னிரண்டாம் நாள், மனசு கேட்காமல் நொச்சிக்குப்பம் போனேன். ஆறுதல் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். இறந்தவரின் மனைவி வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். ரோட்டோரம் மீன் விற்கிறவர். இன்னும் வியாபாரத்துக்குப் போக ஆரம்பிக்கவில்லை. என்னை உட்காரச் சொல்லவில்லை.

"எந் தம்பிய வூட்டாண்ட வராதேன்னு சொல்லிட்டேன் மேடம்" என்றார். "எம் புருசன கொன்னுட்டியேடான்னு எல்லாரு முன்னாடியும் அடிச்சிட்டேன். அவன் இன்னான்னா, மேடம் சொல்லித்தான் அவுத்தேன், மாமா வேணாம்னு கத்துனாருன்னு சொல்லிக்கினே கீறான். ஒருத்தரும் நம்பல. நீங்க அங்க இருந்தீங்க இல்ல? அவரு கத்துனது உங்க காதுல வுழுந்துச்சா, இல்லியா?"

பொய் சொல்ல ஒரு வார்த்தை போதும்.

"விழுந்துச்சும்மா. ரெண்டு தடவை சொன்னார். இறங்கிக்கிறேன்னார். நான்தான் அவுக்கச் சொன்னேன். உங்க தம்பி மேல தப்பே இல்லை."

திட்டுவார், அடிப்பார் என்று நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மடியிலிருந்து போனை எடுத்து அழுத்தினார். அந்தப் பக்கம் எடுத்ததும் அவர் சொன்னது இவ்வளவுதான்: "டேய், வூட்டுக்கு வாடா. சாப்டியா?" சொல்லும்போதே குரல் உடைந்து, முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார். போனை மடியில் வைத்துவிட்டு, "நீங்க போங்க மேடம்" என்றார்.

அங்கிருந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். வேலை போயிற்று. வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தாவுக்குப் போகும்போது மச்சானைப் பார்ப்பேன். தன் உள்ளங்கைத் தழும்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

மொட்டை மாடியில் அன்று புத்தி கெட்டுப் போனேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். ஒரு தம்பியை அவன் அக்கா வெறுத்துக்கொண்டிருக்கிறாள் என்பதைக்கூட விசாரிக்காமல் நான் வாயை மூடிக்கொண்டிருந்த அந்தப் பன்னிரண்டு நாளுக்கு அப்படிச் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை.